கீழமாசி வீதி மொத்தக் கடையில் மூன்று மாதச் சாமான்: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

லாரிகள் ஓடப் போவதில்லை, பருப்பும் எண்ணெயும் இனிக் கிடைக்காது என்று எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்த அன்று மாலையே, மதுரை வில்லாபுரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் சூப்பர் மார்க்கெட்டில் பாமாயில் அடுக்கு காலியாகக் கிடந்தது. அந்தப் பதிவில் எந்தத் தேதியிலிருந்து என்ற விவரமும் இல்லை, பேசுகிறவர் யார் என்பதும் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு இருக்க என்னால் முடியவில்லை. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது எங்கள் வீட்டு அரிசித் தவலையில் நான்கு படி அரிசிகூட இல்லை. அதே ஆண்டு ஜூன் 24 முதல் மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தபோதும் நாங்கள் பாடம் படித்திருக்கவில்லை. ஆகவே இம்முறை கூட்டத்தோடு கூட்டமாக ஓடாமல், முதலில் கணக்குப் போட்டு, மூன்று மாதத்துக்கான சிட்டை எழுதிக்கொண்டு கீழமாசி வீதியில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடைக்குப் போனேன். ஒன்றரை மாதத்தில் அங்கே மூன்று முறை சரக்கு எடுத்திருக்கிறேன். குறைகளையும் எழுதப் போவதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை; தேர்முட்டிக்கும் விளக்குத்தூணுக்கும் இடையில் இருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

கடை வெளியே பார்க்க ஒன்றுமில்லை. பத்தடி அகல முகப்பு, கல்லாப்பெட்டிக்கு அருகில் மிளகாய் வற்றல் மூட்டை, அதன் நெடிக்குத் தும்மிக்கொண்டே உள்ளே போனால் முகப்பைப் போல நான்கு மடங்கு ஆழத்துக்குக் குடோன். அரிசி கேட்டதும் எழுபதை நெருங்கும் முதலாளி தானே எழுந்து வந்து, மூட்டையின் இடுப்பில் குத்தூசியைச் செருகி இழுத்தார். ஊசியின் பள்ளத்தின் வழியே ஒரு பிடி அரிசி என் உள்ளங்கையில் சரிந்தது. “கடிச்சுப் பாரும்மா” என்றார். கடித்தேன். மணி இரண்டாகத் தெறித்தது. இன்னொரு மூட்டையில் செருகி இன்னொரு பிடி தந்தார். அது பல்லில் சற்றே மெத்தென்று பட்டது. முதலாவது பழைய அரிசி, இரண்டாவது புது அரிசி, விலையில் கிலோவுக்குச் சில ரூபாய் வித்தியாசம். சேமித்து வைப்பதற்கானால் பழையதுதான் வேண்டுமா என்று கேட்டதற்கு அவர் சொன்னது எனக்குப் புதிது: உடனே உலை வைப்பதானால் பழையது, வீட்டில் மூன்று மாதம் கிடக்கப் போவதானால் ஒரு மூட்டை பழையதும் இரண்டு மூட்டை புதியதுமாக எடுத்தால் போதும், புதியது உங்கள் வீட்டிலேயே பழசாகிவிடும், அந்த வித்தியாசத்தை எனக்கு எதற்குத் தருகிறீர்கள் என்றார். சூப்பர் மார்க்கெட்டின் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும் அரிசியைக் கடித்துப் பார்க்கவும் வழியில்லை, இப்படிச் சொல்ல அங்கே ஆளும் இல்லை.

மூட்டை 26 கிலோ. பலருக்கு இந்த ஒற்றைக் கிலோ ஏன் என்று தெரியாது. 2022 ஜூலை 18 முதல், பொதியிட்டுப் பெயரிட்ட அரிசி, பருப்பு, மாவு போன்றவற்றுக்கு 25 கிலோ வரையிலான பொதிகளில் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேல் எடையுள்ள பொதிக்கு அந்த வரி இல்லை. உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோவாகக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை செலவாகும் என்பதால் எனக்கு இந்த அளவு சரியாகப் பொருந்துகிறது. சிறிய குடும்பங்கள் வரியைத் தவிர்ப்பதற்காக மட்டும் பெரிய மூட்டையை வாங்கி வண்டுக்குப் படைக்க வேண்டியதில்லை.

பருப்பில்தான் இந்தக் கடையின் அறிவும் அலட்சியமும் ஒருசேரத் தெரிந்தன. துவரம்பருப்பு என்று பொதுவாகக் கேட்டதற்கு, நாட்டுப் பருப்பா, பர்மாவா, ஆப்பிரிக்காவா என்று திருப்பிக் கேட்டார் கணக்கப்பிள்ளை. நாம் சாம்பாரில் போடும் துவரையில் ஒரு பகுதி மியான்மர், மொசாம்பிக், தான்சானியா, மலாவி ஆகிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது; உளுந்துக்கும் மியான்மரை நம்பியிருக்கிறோம். தட்டுப்பாடு வருமா வராதா என்பதைச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் விளக்கியபோது, என் சிட்டையில் பாதி வரிகள் தேவையற்றவை என்று எனக்கே புரிந்தது. உப்பு தூத்துக்குடியிலிருந்தும், தீப்பெட்டி சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்தும், குண்டு மிளகாய் இராமநாதபுரத்திலிருந்தும் வருகின்றன. இவற்றை மதுரைக்காரர் மூன்று மாதத்துக்கு அடுக்கி வைப்பது பயத்தால் செய்வதே தவிர வேறில்லை. 2016 நவம்பரில் உப்புத் தட்டுப்பாடு என்ற புரளியை நம்பி வடமாநிலங்களில் மக்கள் கிலோவுக்குப் பல மடங்கு விலை கொடுத்ததை அவர் நினைவுபடுத்தினார். நான் எழுதியிருந்த பத்துக் கிலோ உப்பை மூன்றாக அடித்தேன்.

அப்படிப் பேசிய மனிதர்தான் எனக்கு ஐந்து கிலோ பருப்பை ஒரு மூட்டையின் அடியிலிருந்து அள்ளிக் கட்டிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் டப்பாவைத் திறந்தபோது மூடியின் உட்புறத்தில் வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. பருப்பை எடுத்துக்கொண்டு திரும்பப் போனபோது, “வெயில்ல காய வைக்கலையாக்கா?” என்று கடைப்பையன் கேட்டான், காய வைத்தேன், விளக்கெண்ணெயும் தடவினேன் என்றபோது பேச்சு நின்றது. அரை மணி நேரம் நின்ற பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் ஆட்டோக் கூலி என் கையிலிருந்துதான் போனது, வருத்தம் என்ற ஒரு சொல்லும் வரவில்லை. அன்றிலிருந்து, பருப்பு எடுப்பதானால் பிரிக்காத மூட்டையை என் கண்முன் பிரித்து நிறுக்கச் சொல்கிறேன். முகம் சுளித்தாலும் செய்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்தை இந்த வீதியில் எந்தக் கடைக்குப் போகிறவருக்கும் பரிந்துரைப்பேன்.

எண்ணெய்க்கு வருகிறேன். நான் இரண்டு டின் சூரியகாந்தி எண்ணெய் எழுதியிருந்தேன். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது, நமக்குச் சூரியகாந்தி எண்ணெய் அதிகமாக வந்துகொண்டிருந்த நாடே அதுவாக இருந்ததால் விலை ஏறியதையும், அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியதையும் மறக்காததால் வந்த எண்ணிக்கை அது. முதலாளி சிட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றை அடித்துவிட்டார். “ரெண்டு மாசத்துக்கு மேல எண்ணெய வாங்கி வைக்காதம்மா. சிக்கு வாடை அடிச்சா என்னையத்தான் திட்டுவ” என்றார். “இல்லண்ணாச்சி, அந்த மாதிரி தடை திரும்ப வந்துச்சுன்னா?” என்று கேட்டதற்கு, அந்தத் தடை மே 23 அன்று விலக்கப்பட்டதை, ஏதோ தன் மகளின் கல்யாணத் தேதியைச் சொல்வதுபோல் சொன்னார். நாலு வாரம். நாலு வாரத்துக்கு ஒரு டின் போதும்.

விற்க வைத்திருக்கும் பொருளை விற்க மறுக்கிற கடைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. தயவு என்று மட்டும் இதைச் சொல்ல முடியாது. அன்றைக்குக் கடையில் கூட்டம் இருந்தது, இருக்கிற சரக்கை வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் பகிர வேண்டிய கட்டாயமும் அவருக்கு இருந்திருக்கும். புரளி பரவிய அந்த வாரத்தில், ஒரு ஆளுக்கு ஒரு டின் எண்ணெய், ஐந்து கிலோ பருப்பு என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். விலைப்பலகையில் மாற்றமில்லை. முதல் நாள் எடுத்த பருப்பின் விலையும் ஐந்தாம் நாள் என் நாத்தனார் எடுத்த விலையும் ஒன்றாகவே இருந்தன. அதே நாட்களில் எங்கள் தெருமுனைக் கடையில் பாமாயில் பாக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் ஐந்து ரூபாய் வைத்து விற்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்பது சட்டப்படி குற்றம் என்பது தெரிந்தும் ஐந்து ரூபாய்க்காக யாரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட.

பாக்கெட் எண்ணெய் வாங்குகிறவர்கள் எடையைப் படிக்க வேண்டும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை வரும். அதே உயரமும் அதே படமும் கொண்ட பாக்கெட்டுகள் 850 கிராம், 800 கிராம் என்றும் அடுக்கில் நிற்கின்றன. விலை குறைவு என்று நாம் எடுப்பது பெரும்பாலும் அளவு குறைவான பாக்கெட்டாகவே இருக்கும். இந்தக் கடையில் இரண்டு வகையும் இருக்கின்றன. கேட்டால் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் சொல்வதில்லை.

சோப்பு, பற்பசை, பாத்திரம் விளக்கும் கட்டி ஆகியவற்றுக்கு இங்கே வர வேண்டிய அவசியமே இல்லை. சூப்பர் மார்க்கெட்டின் மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சலுகைதான் மலிவு. குளியல் சோப்புக்கும் பற்பசைக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இந்தக் கடையின் மேலடுக்கில் அதற்கு முந்தைய தேதியிட்ட, பழைய விலை அச்சிட்ட சோப்புகளை நான் பார்த்தேன். மேலும் மிளகாய் மூட்டைக்கு எதிரே அடுக்கிய குளியல் சோப்பில் என்ன வாசனை வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சீரகம், மிளகு, மல்லி, கடுகு, வெந்தயம் ஆகியவற்றில் இந்தக் கடையை மிஞ்ச ஆளில்லை. கால் கிலோவாக வாங்கினாலும் முறத்தில் கொட்டி ஊதிக் காட்டுகிறார்கள். புளி மட்டும் நான் எடுக்கவில்லை. மாசி, பங்குனியில் புதுப் புளி இறங்கும்போது கொட்டை எடுத்து, கல் உப்புச் சேர்த்து ஜாடியில் அடைக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு, ஐப்பசியில் கடைப் புளியை மொத்தமாக வாங்க மனம் வரவில்லை.

விநியோகம் இக்கடையின் பெரிய பலவீனம். சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டில் இறங்கிவிடும் என்றார்கள். மறுநாள் மதியம் ஒன்றரைக்கு ஒரு டிவிஎஸ் எக்செல் வந்தது, முன்னால் இரண்டு அரிசி மூட்டை, பின்னால் எண்ணெய் டின், அதற்கும் மேலே பருப்புப் பை. ஓட்டி வந்த தம்பி ஒற்றைக் காலை ஊன்றி வண்டியை நிறுத்திய விதத்தைப் பார்த்து எனக்குத்தான் பதற்றம். மூன்றாவது மூட்டை அதற்கும் அடுத்த நாள்தான் வந்தது. எண்ணிப் பார்த்தால் ஒரு பெருங்காய டப்பாவும் இரண்டு கட்டு ஊதுபத்தியும் இல்லை, ஆனால் துண்டுச் சீட்டில் அவற்றுக்கும் பணம் கூட்டப்பட்டிருந்தது. துண்டுச் சீட்டு என்பதால் வாதம் நீண்டது. இரண்டாம் முறையிலிருந்து கணினி பில் கேட்டு வாங்குகிறேன், கேட்டால் கொடுக்கிறார்கள்.

விலை பற்றிப் பொதுவாகச் சொல்வதானால், என் சிட்டையில் இருந்த அரிசி, பருப்பு, மளிகைச் சாமான் எல்லாமே சூப்பர் மார்க்கெட்டைவிடக் குறைவாகத்தான் அமைந்தன. ஆனால் வண்டிக் கூலியையும், ஒரு நாள் அலைச்சலையும் சேர்த்தால் ஒரு மாதச் சாமானுக்கு இந்த வீதிக்கு வருவது கட்டுப்படியாகாது, மூன்று மாதத்துக்கு என்றால் கட்டுப்படியாகும். சிட்டை எழுதும்போது ரேஷனில் வருவதைக் கழித்துவிட வேண்டும். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும், லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் மாதம் தவறாமல் கைக்கு வரும் குடும்பம், அதைக் கணக்கில் கொள்ளாமல் மொத்தக் கடையில் வாங்கி அடுக்குவதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். நானும் முதல் சிட்டையில் அதைத்தான் செய்திருந்தேன்.

வாங்கியதை வைக்கும் இடமும் கணக்கில் சேர்ந்ததுதான். மூட்டையை வெறுந்தரையில் வைக்காதீர்கள், பலகை போடுங்கள், சுவரை ஒட்டாதீர்கள் என்று கடையிலேயே சொல்லி அனுப்பினார்கள். அரிசிக்குள் வசம்பும் மிளகாய் வற்றலும், பருப்பு டப்பாவில் காய்ந்த வேப்பிலையும் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு டப்பாவிலும் வாங்கிய தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டியதற்கு வீட்டில் கேலி செய்தார்கள். ஆனால் இந்த மாதம் முன்னால் வாங்கியது முன்னால் தீர்ந்திருக்கிறது.

லாரிகள் நிற்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டின் பாமாயில் அடுக்கும் அடுத்த வாரமே நிரம்பிவிட்டது. அரிசி இரண்டு மூட்டை மீதம் இருக்கிறது, எண்ணெய் முக்கால் டின் தீர்ந்துவிட்டது, அண்ணாச்சி அடித்த இரண்டாவது டின் இல்லாததால் எதுவும் நின்றுபோகவில்லை.

போகிறவர்கள் காலை பத்தரைக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் வெளியூர் வியாபாரிகளின் சிட்டைகள் வரிசையில் நின்றுவிடும், சில்லறைக்கு வருகிறவர்களை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். வண்டியை விளக்குத்தூண் பக்கம் எங்கேயாவது நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. ஊதுபத்தியைக் கொடுத்துவிட்டார்கள். பெருங்காய டப்பாவை மட்டும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கப்பிள்ளை பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். அந்த அடுத்த தடவை இரண்டு தடவையாகிவிட்டது.