மாஸ்ரர் தொகுத்த பீற்றில்ஸ் கட்டுரைகள்: வாசித்தே ஆகவேண்டியது, ஆனால் கொப்பியைப் பார்த்து வாங்குங்கள்

அறுபதுகளில் உலகத்தைக் கலக்கிய ஆங்கிலப் பாட்டுக்குழு பீற்றில்ஸ் பற்றி உருப்படியாக வாசிக்க யாழ்ப்பாணத்தில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு இனிச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர், தான் கனகாலமாகச் சேர்த்து வைத்திருந்த பத்திரிகைக் கட்டுரைகள், இசைத்தட்டு விமர்சனங்கள், பேட்டிகள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் தமிழில் ஒரு குறிப்பு எழுதி, ஸ்பைரல் கட்டி, தெரிந்தவர்களுக்குள் வாசிக்கக் கொடுத்து வருகிறார். கடையில் விற்கிற புத்தகம் இல்லை. கொப்பி எடுக்கிற செலவு 1,800 ரூபாவைக் கொடுத்தால் பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு கடையில் சொல்லி எடுத்துத் தருவார். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் மாஸ்ரர் என்றே எழுதுகிறேன்.

நாலு பேரும் லிவர்பூலில் எப்படிச் சேர்ந்தார்கள், ஏன் பிரிந்தார்கள் என்ற கதை இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. அது தேவையென்றால் இந்தத் தொகுப்பு வேண்டாம். இதில் இருப்பவை அந்தந்தக் காலத்திலேயே, அடுத்த மாதம் என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத ஆட்கள் எழுதியவை. 1961இல் 'மேர்சி பீற்' என்ற லிவர்பூல் பத்திரிகையில் குழுவின் பாடகர் ஜோன் லெனன் விளையாட்டாக எழுதிய ஒரு துண்டில் தொடங்கி, 1980இல் அவர் சுடப்பட்ட வாரத்தில் வந்த கட்டுரைகளோடு முடிகிறது. இந்தக் குழு உலகத்தை மாற்றியது என்று இன்றைக்கு யாரும் சுலபமாக எழுதிவிடலாம். அது மாறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் எவ்வளவு குழம்பினார்கள், எவ்வளவு கோபப்பட்டார்கள் என்பதை இப்படி அடுத்தடுத்து வாசிக்கும்போதுதான் அதன் பாரம் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வில்லியம் மான் எழுதியது. லண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையின் இசை விமர்சகர், ஒப்பேராவும் சிம்பொனியும் கேட்டு எழுதுகிற மனுசன், 1963 டிசம்பர் 27ஆம் திகதி இந்தப் பெடியன்களின் பாட்டை எடுத்துவைத்து, அதில் வரும் சுரக்கட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் காட்டுகிறார். 'நொட் எ செக்கண்ட் ரைம்' என்ற பாட்டு முடிகிற இடத்தை சிம்பொனி இசையமைப்பாளர் மாலரின் பெரிய படைப்பொன்றின் முடிவோடு ஒப்பிட்டு, அதை 'ஏயோலியன்' முடிப்பு என்கிறார். அப்படி என்றால் என்னவென்று தனக்குத் தெரியவே தெரியாது என்று லெனன் பின்னாளில் சொன்னது வேறு கதை. இங்கேதான் மாஸ்ரரின் குறிப்பு நிற்கிறது: ஏயோலியன் என்பது நம்முடைய கர்நாடக சங்கீதத்து நடபைரவி மேளத்தின் அதே சுரவரிசை. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்த எவருக்கும் இந்த ஒரு வரி போதும், மானின் கட்டுரை முழுதும் திறந்துவிடும். அதேமாதிரி, 1965இல் குழுவின் கிற்றார்காரர் ஜோர்ஜ் ஹரிசன் சித்தார் வாசித்த 'நோர்வீஜியன் வூட்' பாட்டின் முதற்பகுதி அரிகாம்போதியின் சுரங்களில் போகிறது, கைசிகி நிஷாதம் என்ற தாழ்ந்த 'நி' விழுகிற இடத்தைக் கவனித்துக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறார். கேட்டேன். சரியாக அந்த இடத்தில்தான் பாட்டின் நிறமே மாறுகிறது. இவ்வளவு காலமும் சித்தாரின் சத்தத்தால்தான் அது நமக்கு நெருக்கமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன், சுரமும் அதற்குக் காரணம்.

மானுக்கு அடுத்ததாகவே பத்திரிகையாளர் போல் ஜோன்சனை வைத்திருப்பது நல்ல தொகுப்பு வேலை. 1964 பெப்ரவரி, 'நியூ ஸ்ரேற்ஸ்மன்' சஞ்சிகை. அந்த மாதம் 9ஆம் திகதிதான் அமெரிக்காவில் எட் சலிவன் நிகழ்ச்சியில் அவர்களை ஏறத்தாழ 7 கோடி 30 இலட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். ஜோன்சனுக்குப் பாட்டில் பெரிய அக்கறை இல்லை, கூட்டத்தில் நின்று கத்துகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அருவருப்பு. வெறுத்து எழுதிய ஒன்றுதான், ஆனாலும் இதைச் சேர்க்காமல் விட்டிருந்தால் தொகுப்பு வெறும் புகழ்மாலையாகப் போயிருக்கும்.

அப்புறம் லெனனைப் பேட்டி கண்ட பத்திரிகையாளர் மொரீன் கிளீவ். 1966 மார்ச் 4, 'ஈவினிங் ஸ்ராண்டட்'. கிறிஸ்துவைவிட நாங்கள் இப்போது பிரபலம் என்று லெனன் சொன்னதாக எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் அது வந்த கட்டுரையை முழுதாக வாசித்தவர்கள் குறைவு. வேபிரிட்ஜில் பெரிய வீடு, உள்ளே கொரில்லா வேஷம் போடுகிற உடுப்பு உட்பட வாங்கிக் குவித்த சாமான்கள், இந்திய இசைத்தட்டைப் போட்டுவிட்டு இது எவ்வளவு பழைய இசை தெரியுமா என்று வியக்கிற, சமயம் பற்றிக் கண்டபடி வாசித்துக்கொண்டிருக்கிற, பொழுதுபோகாத ஒரு இளைஞன். அந்த வசனம் நடுவில் வருகிறது, வந்து போய்விடுகிறது. லண்டனில் அதைப் பெரிதாக யாரும் தூக்கிப்பிடிக்கவில்லை. கோடையில் 'டேற்புக்' என்ற அமெரிக்க இளைஞர் சஞ்சிகை அதை மறுபடி போட்டதும் தென்மாநில வானொலிகள் பாட்டை நிறுத்தின, இசைத்தட்டுகளை நெருப்பில் போட்டார்கள், ஓகஸ்ட் 11ஆம் திகதி சிக்காகோவில் லெனன் பத்திரிகையாளர் முன்னால் உட்கார்ந்து விளக்கம் சொல்லவேண்டி வந்தது. ஓகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோ: காசு கொடுத்துச் சனம் பார்த்த கடைசிக் கச்சேரி. கட்டுரையையும் அதன் பிறகு வந்த செய்திகளையும் மாஸ்ரர் திகதிவாரியாக அடுக்கியிருக்கிறார், தன் கருத்தென்று ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. தொகுப்பிலேயே சிறந்த பகுதி இதுதான்.

ரிச்சர்ட் கோல்ட்ஸ்ரீன் 1967 ஜூன் 18ஆம் திகதி 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையில் 'சார்ஜன்ற் பெப்பர்' இசைத்தட்டைக் குறைகூறி எழுதிய விமர்சனமும் உண்டு. உலகமே தலையில் தூக்கிவைத்த தட்டு, இவர் மட்டும் அலங்காரம் கூடிப்போச்சு என்றார். தன் ஸ்ரீரியோவில் ஒரு ஸ்பீக்கர் பழுதாக இருந்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கசற் கேட்ட ஊருக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஆனால் ஸ்பீக்கரை மட்டும் குற்றம் சொல்லி அந்த விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது, அவர் கேட்ட சில கேள்விகள் இன்றைக்கும் சரி.

குறைகளையும் சொல்லவேண்டும். முதல் இசைத்தட்டில் இருந்த 14 பாட்டில் 6 மற்றவர்களுடையவை. ஷிரெல்ஸ் பெண்கள், ஐஸ்லி சகோதரர்கள், ஆர்தர் அலெக்சாண்டர் என்று கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து இவர்கள் எடுத்தது கொஞ்சநஞ்சம் இல்லை. அதைப் பற்றி முழுக்கட்டுரை ஒன்றுகூட இல்லை. அதே மாதிரி, கிளீவைத் தவிர எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள். ஜோன்சன் ஏசிய அந்தப் பெட்டையளில் ஒருத்தியாவது தான் ஏன் கத்தினேன் என்று எழுதியதைத் தேடிப் போட்டிருக்கலாம். பண்பாட்டுத் தாக்கம் என்று முன்னுரையில் இவ்வளவு பேசிவிட்டு, தாக்கப்பட்டவர்களின் குரலை விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசிப் பகுதி இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டுகள் பற்றியது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' எல்லாம் வருகின்றன. ஆனால் மிகச் சில பக்கங்கள், அதிலும் பாதி மாஸ்ரரின் ஞாபகத்திலிருந்து எழுதியது. முதலில் ஏமாற்றமாக இருந்தது, பிறகு யோசித்தால் அவர்தான் என்ன செய்வார். லண்டன்காரன் 1963ஆம் ஆண்டுப் பத்திரிகையைப் போய் எடுத்துக்கொள்ளலாம். இங்கே 1981இல் 97,000 புத்தகங்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. அந்தப் பாட்டுகளைக் கேட்டு யார் ரசித்தார்கள், எந்தத் தமிழ் வாத்தியார் ஜோன்சன் மாதிரிக் கொதித்து எழுதினார் என்று அறிய எனக்கு அவ்வளவு ஆசை. 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஏற்றியிருக்கும் பழைய சஞ்சிகைகளில் தேடிப்பார்க்கச் சொன்னேன், தொடங்கியிருக்கிறேன் என்றார். வீட்டில் பழைய 'ஈழநாடு', 'வீரகேசரி' நறுக்குகள் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு படமாவது எடுத்து அனுப்புங்கள், கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.

கொப்பியைப் பற்றி: இப்போது கைமாறுகிறதில் ஸ்பைரல் துளை பல பக்கங்களில் இடப்பக்க எழுத்தைத் தின்றுவிட்டது, கிளீவின் கட்டுரையில் ஒரு பத்தி மங்கிப்போய் வாசிக்கவே முடியவில்லை. ஓரம் விட்டு மறுபடி எடுக்கப்போவதாக மாஸ்ரர் சொல்கிறார். அவசரம் இல்லாதவர்கள் அதற்குப் பொறுங்கள். அவசரமென்றால் என்னுடையதை வாங்கி வாசியுங்கள், மானின் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள், பாட்டையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு.