நூற்புழுவைக் கொல்லும்னு சொல்லி விக்கிற, செடிக்கு ஊத்துற மினரல் பாட்டில், உஷாரா இருங்க

சுங்கை சிப்புட் பக்கம் தக்காளி போடுறவங்க எல்லாரும் இதை ஒரு தடவை படிச்சிருங்க. எங்க வீட்டுப் பின்னால, முந்தி தோட்டத்து லயம் இருந்த மண்ணு, மணல் கலந்த மண்ணு, அதுல தக்காளி நட்டிருந்தேன். காலையில நல்லா நிக்கும், மத்தியானம் வெயில்ல தொங்கிடும், தண்ணி ஊத்துனாலும் எந்திரிக்காது, இலை வேற மஞ்சளாகுது. ஒண்ணைப் பிடுங்கிப் பாத்தா வேரெல்லாம் இஞ்சித் துண்டு மாதிரி புடைச்சு முடிச்சு முடிச்சா கிடக்கு.

பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) பாஜா, அதாவது உரம், விக்கிற ஆள்கிட்ட போட்டோ காட்டுனேன். "தங்கச்சி, இது மினரல் பத்தாக்குறை, இந்த பாட்டிலை ஊத்து, உள்ள இருக்கிற புழுவும் செத்துடும்"னாரு. 85 வெள்ளி! லேபிள்ல கால்சியம், மெக்னீசியம், ஜிங்க், சிலிக்கானு பேரு மட்டும் வரிசையா இருக்கு, எது எத்தனை பர்சன்ட்னு ஒரு எழுத்து இல்ல. ஊத்தியும் முடிச்சு குறையலனு வாட்சப் போட்டா, "டபுள் ஊத்து"ங்கறாரு. ஊத்துனேன், இலை ஓரமெல்லாம் கருகிப்போச்சு. காசைத் திருப்பிக் கேட்டேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல.

அப்புறம் விவசாய இலாகாவுல வேலை பாத்து ரிட்டையர் ஆன மாமா ஒருத்தர் வந்து பாத்துட்டுச் சொன்னாரு, இது வேர்முடிச்சு நூற்புழு, மண்ணுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பொடிப் புழு, வேருக்குள்ளயே உக்காந்துக்கும், நம்ம ஊர் சூட்டுக்கு நாலு வாரத்துக்குள்ள அடுத்த தலைமுறை ரெடி, ஒரு பொட்டைப் புழு நூத்துக்கணக்குல முட்டை போடும்னு. கால்சியம், பொட்டாசியம், சிலிக்கான் எல்லாம் சும்மா இல்லதான், ஆராய்ச்சியில சிலிக்கான் குடுத்த செடியில முடிச்சு குறைஞ்சிருக்காம், செடி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனா அது செடிக்குத் தெம்பு, புழுவுக்கு ராச்சுன் (விஷம்) இல்ல. இலை மஞ்சளானது கூட மண்ணுல சத்து இல்லாததால இல்ல, வேர் கெட்டுப்போய் இருக்கிற சத்தை உறிஞ்ச முடியாததால. அந்த ஆளு இதைத்தான் சாக்கா வச்சு பாட்டிலைத் தள்ளிவிட்டிருக்காரு.

இன்னொண்ணு, கச்சான் பயிறு வேர்லயும் உருண்டை இருக்குமே, அது நல்லது, நகத்தால தட்டுனா தனியா உதிர்ந்துடும். தக்காளி முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும்.

மாமா சொன்னபடி செடியை வேரோட பிடுங்கி எரிச்சாச்சு, குப்பை உரத்துல போடக்கூடாதாம். மண்ணை நனைச்சு தெளிவான பிளாஸ்டிக் போட்டு மூடியிருக்கேன், வெயில்ல அஞ்சாறு வாரம் கிடக்கணும். அதுக்கப்புறம் செண்டுமல்லி நெருக்கமா நடணும். கத்திரி, வெண்டி, வெள்ளரி நட்டுடாதீங்க, அதையும் இந்தப் புழு விடாது. தக்காளி வேணும்னா புது மண்ணு போட்டு போலிபேக்ல வச்சுக்குங்க.

வாங்குறதுக்கு முன்னால ஒண்ணு பாருங்க. புழுவைக் கொல்லும்னு சொல்லி எதை வித்தாலும் நம்ம மலேசியாவோட 1974 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும், லேபிள்ல எல்.ஆர்.எம்.பி. (பூச்சிக்கொல்லி வாரியம்) நம்பர் இருக்கும். என் பாட்டில்ல அது இல்லவே இல்ல. வீட்டுக்கு வாங்குனதுதானே, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல கேஸ் போடப் போறேன், கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்ல. அவரு அனுப்புன "டபுள் ஊத்து" மெசேஜை அழிக்காம வச்சிருக்கேன். அதே பாட்டில் வாங்குனவங்க யாராச்சும் இருந்தா லேபிளோட பத்திரமா வைங்க, தூக்கிப் போட்டுடாதீங்க.