கூறு கறிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஆட்டைக் கண்ணால் பாருங்கள்

சேலத்தில் ஆடி பிறந்தால் கூறு கறிக்கு ஆள் சேர்க்கிறவர்கள் தெருவுக்குத் தெரு கிளம்பிவிடுவார்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உறவுக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள், கறிச்சோறு போட்டாக வேண்டும், கடையில் விலை ஏறிக் கிடக்கும். பத்து வீடு சேர்ந்து ஆடு பிடித்து, அறுத்து, கூறு போட்டு எடுத்துக்கொண்டால் நல்ல கறியும் கிடைக்கும், காசும் கொஞ்சம் மிச்சமாகும். ரொம்ப நாளாக நடக்கிற நல்ல வழக்கம்தான். அந்த வழக்கத்தின் பேரைச் சொல்லி இந்த ஆடிக்கு எங்கள் தெருவில் ஒருத்தர் நன்றாகச் சம்பாதித்துவிட்டார். அவர் பேரைப் போடப்போவதில்லை. எப்படிச் செய்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன், உங்கள் தெருவுக்கும் வரலாம்.

வீட்டுக்கு 1,600 ரூபாய், பத்து வீடு. கொங்கணாபுரம் சனிச்சந்தையில் இரண்டு வெள்ளாட்டுக் கிடா, கருப்பு நிறம், பல் போடாத இளசு, ஒவ்வொன்றும் 18 கிலோ உயிர் எடை. ஆளுக்கு இரண்டு கிலோ தனிக்கறி. இதெல்லாம் அவரே வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜாகப் போட்டது. ஞாயிறு விடியற்காலை அறுப்பு, ஆறு மணிக்கு வீட்டு வாசலுக்கே கறி வந்துவிடும், யாரும் அலைய வேண்டாம் என்றும் சொன்னார். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

கறி வந்தது, கருப்புக் கவரில் முடிச்சுப் போட்டு. பிளாஸ்டிக் பையைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை செய்திருக்கிறார்கள், ஆனால் கறிக்கு மட்டும் அந்தக் கருப்புக் கவர் எங்கிருந்தோ வந்துகொண்டேதான் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியில் தெரியாது, அவருக்கு அதுதானே வசதி.

எதிர்வீட்டு மாமா வாசலிலேயே தட்டில் கொட்டிப் பார்த்தார். மேலாக நாலு துண்டு தொடைக்கறி, பார்க்க ஜோராக இருந்தது. அதற்குக் கீழே கழுத்தெலும்பு, பிறகு சவ்வும் கொழுப்பும், அதற்கும் கீழே பஞ்சு பஞ்சாக நுரையீரல், அடியில் கழுவியும் கழுவாமலும் ஒரு பிடி குடல். தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. வடித்துவிட்டு முக்குக் கடை தராசில் வைத்தால் 1 கிலோ 550 கிராம். அப்புறம் மாமா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். கறியில் முடி ஒட்டியிருந்தது, குட்டையாக, செம்பழுப்பு நிறத்தில். கருப்பு ஆட்டுக்கு ஏது செம்பழுப்பு முடி? "இது வெள்ளாடே இல்லீங்க தம்பி, மேச்சேரிச் செம்மறி. அதுவும் கடை சேர்ந்த கிழட்டுப் பெட்டையா இருக்கும்" என்றார். கடை சேர்ந்தது என்றால் பல் எல்லாம் முளைத்து முடிந்த ஆடு. மூன்று விசில் என்று வைத்தது எட்டு விசிலுக்கும் வேகாதபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

மேச்சேரிக் கறி மட்டம் என்று சொல்லவரவில்லை. நம் மாவட்டத்து ஆடு, இளங்கிடாவாக இருந்தால் அதன் ருசியே தனி. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்பதுதான் புகார்.

இனி கணக்குக்கு வருவோம். இரண்டு ஆடும் சேர்த்து உயிர் எடை 36 கிலோ என்று அவரே சொல்லியிருக்கிறார். தலை, கால், தோல், குடல், இரத்தம் எல்லாம் போக உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கறி நிற்கும், எலும்போடு சேர்த்து. ஆக, 17 கிலோ தேறினால் பெரிது. பத்து வீட்டுக்கு இரண்டு கிலோ என்றால் 20 கிலோ வேண்டும். மீதி மூன்று கிலோவை எந்த ஆடு கொடுக்கும்? அவர் வாயால் சொன்ன கணக்கே இடிக்கிறது. குடலும் நுரையீரலும் தண்ணீரும்தான் அந்த மூன்று கிலோ.

குழுவில் படம் போடச் சொன்னோம். ஏழு வீட்டுக் கவரிலும் இதே கதை. மூன்று வீட்டுக்கு மட்டும் தொடையும் சப்பையும் முழுசாகப் போயிருக்கிறது, மூன்றும் அவருடைய சொந்தக்கார வீடுகள். இன்னொன்றையும் கவனித்தோம், எங்கள் ஏழு கவரில் ஒன்றில்கூட ஈரல் இல்லை. சுவரொட்டி என்கிற மண்ணீரல் இல்லை, குண்டிக்காய் என்கிற சிறுநீரகம் இல்லை. இரண்டு ஆட்டுக்கும் ஈரலே இல்லாமலா பிறந்தது? இரண்டு தலை, எட்டுக் கால், இரண்டு தோல் எங்கே என்று கேட்டால், "வெட்டுக் கூலிக்குப் போயிருச்சுங்க" என்றார். வெட்டுக் கூலிக்கென்று வீட்டுக்கு 50 ரூபாய் தனியாக முதல் நாளே வாங்கியிருந்தார்.

எதிர்வீட்டு மாமாவின் ஊர் ஏற்காட்டு மலை அடிவாரம். அவருடைய அப்பா காலத்தில் சேர்வராயன் மலைப் பக்கம் வலையும் நாயுமாக வேட்டைக்குப் போவார்களாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம். அடித்தவனுக்குத் தலையும் ஒரு தொடையும் தனி. வலை போட்டவனுக்கு வலைக்கென்று ஒரு கூறு, நாய் கொண்டுவந்தவனுக்கு நாய்க்கென்று ஒரு கூறு. மிச்சத்தை இலை விரித்து, எல்லா இலையிலும் தொடை, சப்பை, விலா, ஈரல் என்று ஒவ்வொன்றிலும் துளியாவது விழுகிற மாதிரி வெட்டி வைப்பார்கள். பிறகு ஒருத்தரைத் திருப்பி நிற்க வைத்துவிட்டு, இன்னொருத்தர் ஒரு இலையைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். முதுகைக் காட்டி நிற்கிறவர் வாயில் வருகிற பேரைச் சொல்வார். தொடுகிறவருக்கு எந்தப் பேர் வரும் என்று தெரியாது, பேர் சொல்கிறவருக்கு எந்த இலை என்று தெரியாது. கூறு போட்டவன் தனக்கென்று எதையும் ஒதுக்கிக்கொள்ள வழியே கிடையாது. ஊர்ப்பக்கம் கோயில் கிடா வெட்டினால் இன்றைக்கும் இப்படித்தான் கூறு பிரிக்கிறார்கள்.

எங்கள் ஆள் வாசலுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றது இதற்குத்தான். எல்லாரும் கூடி நிற்கும் இடத்தில் இலையில் வைத்திருந்தால் ஈரல் எங்கே என்று யாராவது கேட்டிருப்பார்கள். கட்டிய கவராக வீடு வீடாகப் போனால் பக்கத்து வீட்டுக்கு என்ன போனது என்று நமக்கு எப்படித் தெரியும்? தராசில் அடிப்பது கொஞ்சம்தான், பிரிக்கிற இடத்தில் அடிப்பதுதான் பெரிய அடி.

போய்க் கேட்டோம். முதலில் சிரித்தார். அப்புறம், "பண்டிகை நேரத்துல கறிக்காகவா சண்டை போடுவீங்க?" என்று எங்களையே குறுகவைத்தார். சந்தைச் சீட்டைக் காட்டச் சொன்னால் தொலைந்துவிட்டது என்றார். கடைசியில் அதிகமாகச் சத்தம் போட்ட இரண்டு வீட்டுக்கு மட்டும் 300 ரூபாய் கொடுத்து வாயை அடைத்தார். அந்த இரண்டு வீடும் மறுநாளிலிருந்து குழுவில் பேசுவதில்லை. பத்துப் பேராகப் போட்ட பணத்தைக் கேட்கும்போதும் பத்துப் பேராக நின்றால்தான் வரும், இல்லாவிட்டால் இப்படித்தான் ஒவ்வொருத்தராக உருவிவிடுவார்கள்.

இதைவிட மோசம் அடுத்து அவர் சொன்னது. மிச்ச ஐந்து பேரைச் சமாதானப்படுத்த, "மலைக்கறி வரும்போது உங்களைப் பங்குல சேர்த்துக்கறேன்" என்றார். ஏற்காட்டுப் பக்கத்திலிருந்து முயலும் காட்டுப்பன்றியும் தெரிந்த ஆள் மூலமாக வருமாம், கிலோ விலை ஆட்டைவிடக் குறைவாம். தயவுசெய்து இந்தப் பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டையாடினவர் மட்டுமில்லை, அந்தக் கறியை வாங்கினவரும் வைத்திருந்தவரும் மாட்டுவார்கள். அபராதம் மட்டுமில்லை, ஜெயிலும் உண்டு. பொங்கலை ஒட்டி முயல் வேட்டைக்குப் போனவர்கள் வனத்துறையிடம் சிக்கின செய்தியைப் படிக்கிறோமே. போதாததற்கு, வாசல்வரை வந்த ஆட்டுக்கறியிலேயே இவ்வளவு செய்தவர், போலீசுக்குப் போக முடியாத கறியில் என்னவெல்லாம் செய்வார்? நாய்க்கறியைக் கட்டிக் கொடுத்தாலும் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

எங்கள் தெருவில் ஆறு வீடு இப்போது தனியாகச் சேர்ந்திருக்கிறோம். சந்தைக்கு இரண்டு பேர் போவது, பணத்தை அங்கேயே வைத்து ஆடு பிடிப்பது, பல்லைப் பிடித்து வயதைப் பார்ப்பது, அறுக்கும்போது வீட்டுக்கு ஒருத்தர் நிற்பது என்று பேசியிருக்கிறோம். தலை, கால், குடலை வேண்டுகிறவர்கள் எங்களுக்குள்ளேயே ஏலம் எடுத்துக்கொள்ள வேண்டும், அந்தக் காசு பொதுக்கணக்கில் கழியும். தோலை வெட்டுகிறவருக்குக் கொடுப்பதா விற்பதா என்று இன்னும் ஒத்துவரவில்லை. மாமா விற்க வேண்டும் என்கிறார், மற்றவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாமாம்.

அந்த ஆள் தீபாவளிக்கு வாரம் 100 ரூபாய் கறிச்சீட்டு என்று அடுத்த தெருக்களில் வசூல் தொடங்கிவிட்டார், புதுக் குழு, புதுப் பேர். உங்களிடம் யார் கேட்டாலும், சந்தைக்கு எங்கள் ஆள் ஒருத்தர் கூட வருவார், எங்கள் முன்னால்தான் கூறு பிரிக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். ஒழுங்கான ஆளாக இருந்தால், வாங்க என்று கூட்டிப்போவார். "என்மேல நம்பிக்கை இல்லையா தம்பி?" என்று கேட்டால் அந்த நூறு ரூபாயை எடுத்து மறுபடியும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.