டேர்டெவில் சீசன் 3: கடைசி நாலு எபிசோடை நதீமுக்காகவே பார்க்கலாம்

கதை முழுவதையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். பகலில் கண்தெரியாத வக்கீல், இரவில் முகமூடி போட்டு அடிக்கும் டேர்டெவில் என்று வாழும் மாட் மர்டாக்கின் கதைதான் இந்தத் தொடர். 2018 அக்டோபர் 19 அன்று பதிமூன்று எபிசோடும் ஒரே நாளில் நெட்ஃபிளிக்ஸில் வந்த சீசன் இது. வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, தொடரையே நிறுத்திவிட்டார்கள். 2022ல் டிஸ்னி பிளஸ்ஸுக்குப் போனது. 2025ல் புதுப் பெயரில் தொடர்ச்சி வந்ததால் பழசைத் தேடிப் பார்ப்பவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலர் நாலாவது எபிசோடின் ஜெயில் சண்டையைப் பற்றியே பேசுகிறார்கள். வெட்டே இல்லாமல் பதினோரு நிமிஷம் ஓடும் அந்தக் காட்சி நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த சீசனின் உண்மையான சரக்கு பத்தாவது எபிசோடிலிருந்துதான் தொடங்குகிறது, அதிலும் எஃப்.பி.ஐ. ஏஜெண்ட் நதீமின் கதைதான் அதன் உயிர் என்பது என் கட்சி.

நெட்ஃபிளிக்ஸ் எடுத்த மார்வெல் தொடர்களுக்கு ஒரு தீராத வியாதி உண்டு. எட்டு எபிசோடுக்கான கதையைப் பதிமூன்றாக இழுப்பார்கள், ஒன்பது பத்தில் தொய்ந்து படுத்துவிடும். லூக் கேஜ் என்கிற இன்னொரு தொடரின் முதல் சீசனில் ஏழாவது எபிசோடிலேயே வில்லன் காட்டன்மவுத்தைக் கொன்றுவிட்டு, அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். டேர்டெவில் மூன்றாம் சீசனில் அது தலைகீழ். எரிக் ஓல்சன் பொறுப்பேற்று நடத்திய இந்த சீசனில் முதல் பாதி மெதுவாகச் சுருக்குப் போட்டுக்கொண்டே போகிறது, கடைசி நாலில்தான் கயிறு இறுகுகிறது.

மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாக. நிழலுலக முதலாளியான வில்சன் ஃபிஸ்க் ஜெயிலில் இருந்துகொண்டே எஃப்.பி.ஐ.க்குத் துப்புக் கொடுப்பதாக நடித்து, ஒரு ஹோட்டலின் உச்சி மாடியில் வீட்டுக்காவலுக்கு மாறிவிட்டான். அவனைக் காவல் காக்கும் ஏஜெண்டுகளே அவன் கையாட்கள். அவர்களில் ஒருவன் டெக்ஸ் என்கிற பாயிண்டெக்ஸ்டர், எதை எறிந்தாலும் குறி தவறாதவன். டேர்டெவிலின் சிவப்பு உடையை இவனுக்கு மாட்டிவிட்டுக் கொலை செய்யச் சொல்கிறான் ஃபிஸ்க். நிஜ டேர்டெவிலான மாட் மர்டாக் சீசன் முழுக்கக் கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு திரிகிறான். நாயகனின் உடையை வில்லனுக்குக் கொடுத்துவிட்டு கடைசிவரை திருப்பிக் கொடுக்காமல் இருக்க ஒரு தைரியம் வேண்டும்.

பத்தாவது எபிசோடின் பெயரே 'கேரன்', மாட்டின் தோழியின் பெயர். பாதி எபிசோடு வெர்மான்ட்டில் ஒரு சின்ன ஊரில் நடக்கும் பழைய கதை. அம்மா இறந்துபோன வீடு, கடனில் மூழ்கிய அப்பாவின் உணவகம், போதைப்பொருள் விற்கும் காதலன், தானும் விற்கும் கேரன், அவளை நேராக்கப் பார்க்கும் தம்பி. போதையில் அவள் வண்டி ஓட்டி, விபத்தில் தம்பி செத்துப்போகிறான். முதல் சீசனிலிருந்தே கேரனின் முகத்தில் ஏதோ ஒன்று ஒளிந்துகொண்டே இருந்தது, அது என்ன என்று இங்கே தெரிகிறது. டெபோரா ஆன் வோல் நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் நீளம் அதிகம், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒன்பதாவது எபிசோடு முடியும்போது கேரன் தேவாலயத்தில் ஒளிந்திருக்கிறாள், டெக்ஸ் கிளம்பிவிட்டான், நாம் நுனிச்சீட்டுக்கு வந்தாயிற்று. அந்த நேரத்தில் பழைய கதையைக் காட்டுகிறேன் உட்கார் என்றால் எப்படி? இதையே ஐந்தாவது ஆறாவது எபிசோடில் வைத்திருந்தால் இரண்டுக்கும் நல்லது.

சரி, தேவாலயச் சண்டைக்கு வருவோம். பிரார்த்தனை நடந்துகொண்டிருக்கும்போதே சிவப்பு உடையில் டெக்ஸ் உள்ளே வருகிறான். மாட்டும் அவனும் மோதும்போது கைக்கு அகப்படும் எல்லாமே டெக்ஸுக்கு ஆயுதம். மாட்டுக்குக் கிட்டப் போனால்தான் ஜெயிக்க முடியும், டெக்ஸுக்குத் தூரத்தில் இருந்தால்தான் ஜெயம். அதனால் சண்டை முழுக்க இருவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றியதாகவே இருக்கிறது. யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை அடி தள்ளி இருக்கிறார்கள் என்று பார்க்கிற நமக்குத் தெளிவாகத் தெரியும்படி எடுத்திருக்கிறார்கள். இப்போது வருகிற பல படங்களில் கேமராவை ஆட்டி ஆட்டியே சண்டையை ஒப்பேற்றிவிடுகிறார்கள் இல்லையா, அது இங்கே கிடையாது. கேரனை நோக்கி எறிந்த தடியின் குறுக்கே அந்தத் தேவாலயத்துப் பாதிரியார் ஃபாதர் லான்டம் பாய்ந்து செத்துப்போகிறார். கன்னியாஸ்திரி மேகிதான் மாட்டின் அம்மா என்பது அவருக்கு எப்போதோ தெரியும், மறைத்துவிட்டார். அந்தக் கோபத்தில் மாட் அவரிடம் சண்டை போட்டுவிட்டுப் போனதற்கு அடுத்த சந்திப்பே இதுதான். சமாதானம் ஆக நேரம் கொடுக்காமல் ஆளைக் கொன்றுவிட்டார்கள். கடைசியில் மாட்டின் உயிரைக் காப்பாற்றுவது கேரன், டெக்ஸை மாடியிலிருந்து தள்ளிவிடுகிறாள்.

பதினோராவது எபிசோடு கொஞ்சம் மூச்சு வாங்குகிற எபிசோடு. தேவாலயத்தின் அடித்தளத்தில் மாட்டும் கேரனும் பதுங்கியிருக்க, எஃப்.பி.ஐ. மேலே தேடுகிறது. மாட்டின் நண்பனும் வக்கீலுமான ஃபாகி தனக்குத் தெரிந்த போலீஸ்காரர் பிரெட் மஹோனியைக் கூட்டிவந்து, கேரனைக் கைதுசெய்வதுபோல் கூட்டிக்கொண்டு போய்க் காப்பாற்றுகிறான். ஆள் பலமே இல்லாத ஃபாகி சட்டத்தை வைத்தே ஒரு ஓட்டை போட்டு வெளியே எடுக்கிறானே, அது எனக்குப் பிடித்தது. அவன் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞர், பதவிக்கு நிற்கும் கிளைக்கதை மட்டும் சீசன் முழுக்கவே எனக்கு ஒட்டவில்லை.

இந்த எபிசோடில் ஒரு காட்சிக்காக நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். முதல் சீசனில் ஃபிஸ்க் தன் காதலி வனெஸாவின் கலைக்கூடத்தில் வாங்கிய வெள்ளை ஓவியம் ஞாபகம் இருக்கிறதா? வெள்ளையைத் தவிர எதுவுமே இல்லாத அந்த ஓவியம் நாஜிகள் ஒரு யூதக் குடும்பத்திடமிருந்து பறித்தது என்று தெரிந்து, அந்தக் குடும்பத்தில் உயிரோடு இருக்கும் எஸ்தர் ஃபால்ப் என்ற பாட்டியிடம் போய்விட்டது. வனெஸா வருவதற்குள் அதைத் திரும்ப வாங்க ஃபிஸ்க் நேரே போகிறான். நகரத்தையே பையில் போட்டுக்கொண்டவன், வெள்ளை கோட்டுப் போட்டு, பணிவாக, மெல்லக் கேட்கிறான். கிழவி முடியாது என்கிறார். உன்னைப் போன்றவர்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்கிற மாதிரி. ஃபிஸ்க் தலையை ஆட்டிவிட்டு வெறுங்கையோடு எழுந்து போகிறான். வின்சென்ட் டொனோஃப்ரியோ என்ன யோசிக்கிறார் என்றே அந்த நிமிஷத்தில் சொல்ல முடியாது. அவமானமா, மரியாதையா, தன் அம்மாவின் ஞாபகமா? அப்புறம் டெக்ஸ் முதலாளியைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று போய்க் கிழவியைக் கொன்று ஓவியத்தைத் தூக்கிவருகிறான். ஃபிஸ்க் விட்டுவிட்டு வந்த ஒரே உயிரும் அவன் வளர்த்த நாயின் வாயில் போய்ச்சேர்கிறது. ஃபிஸ்க்கின் சாம்ராஜ்யம் எங்கே பிய்யப்போகிறது என்பதை ஒரு வரி வசனம் இல்லாமல் காட்டிவிட்டார்கள்.

இப்போது நதீம். ரே நதீம் தெற்காசியக் குடும்பத்து எஃப்.பி.ஐ. ஏஜெண்ட், ஜே அலி நடித்திருக்கிறார். கணவன் மனைவி, ஒரு பையன், அண்ணன் குடும்பத்து மருத்துவச் செலவால் ஏறிய கடன். கடன் மதிப்பெண் குறைவாக இருப்பதால் பதவி உயர்வு கிடையாது என்கிறது ஆபீஸ், கடன்காரனை எவனும் விலைக்கு வாங்கலாம் என்பது அவர்கள் கணக்கு. வாங்கப்படக்கூடாது என்று பதவி உயர்வை நிறுத்திவைத்தார்கள், அதனாலேயே அவன் வாங்கப்படும் நிலைக்கு வந்தான். அந்தக் கடன் நெருக்கடிக்குப் பின்னாலேயே ஃபிஸ்க்கின் கை இருந்தது என்பது பின்னால்தான் தெரிகிறது. உண்மையைச் சொல்ல மேலதிகாரி ஹாட்லியின் வீட்டுக்குப் போகிறான். விசாரிக்க வந்த அதிகாரியை ஹாட்லி நதீமின் துப்பாக்கியாலேயே சுட்டுக் கொல்கிறாள். அதற்குமேல் நதீம், ஃபிஸ்க் சொன்னதைச் செய்யும் ஆள். டெக்ஸைத் தேவாலயத்துக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போவதும் அவன்தான்.

கலையை ரசிக்கும் வில்லன்களும் கண்தெரியாத வீரனும் இருக்கிற தொடரில், சம்பளக்காரன் ஒருவன் எப்படிக் கெட்டுப்போகிறான் என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டியது எனக்கு ஆச்சரியம். நதீம் பேராசைக்காரன் இல்லை. ஒவ்வொரு படியிலும் அவன் எடுக்கும் முடிவு, அந்த நேரத்தில், நாமும் எடுத்திருக்கக்கூடியதுதான்.

பன்னிரண்டாவது எபிசோடில் அவன் சாட்சி சொல்லக் கிளம்புகிறான். வழியெல்லாம் கொலைகாரர்கள், பக்கத்தில் மாட், எப்படியோ உயிரோடு நீதிமன்றம் போய்ச் சேர்ந்து கிராண்ட் ஜூரி, அதாவது குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழு, முன்னால் எல்லாவற்றையும் கொட்டுகிறான். ஜூரிக்காரர்களை ஃபிஸ்க் முன்பே மிரட்டிவைத்துவிட்டான், வழக்கு அங்கேயே செத்தது. சாட்சி சொன்னால் நியாயம் கிடைத்துவிடும் என்று நினைக்கவைத்து, அந்த நாற்காலியைக் காலுக்கடியிலிருந்து உருவுகிறார்கள். நதீமைக் கொல்லலாம் என்று முடிவெடுப்பது ஃபிஸ்க் இல்லை, அன்றுதான் ஊர் திரும்பிய வனெஸா. உன் வாழ்க்கையில் எனக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் அந்த உத்தரவு. அயலெட் ஸூரர் அதைக் குரலே உயர்த்தாமல் சொல்கிறார். நதீம் மனைவியையும் பையனையும் வெளியே அனுப்பிவிட்டு, தப்பி ஓடாமல் வீட்டிலேயே காத்திருக்கிறான். டெக்ஸ் வருகிறான். சாவதற்கு முன் நதீம் போனில் தன் வாக்குமூலத்தைப் பதிந்து வைத்துவிட்டான் என்பது அப்புறம்தான் நமக்குத் தெரிகிறது.

இங்கே ஒரு சட்டச் சந்தேகம். அந்த வீடியோவை மரண வாக்குமூலம் என்று சொல்லி ஃபாகி உள்ளே கொண்டுவருகிறான். நம் ஊர் நீதிமன்றக் காட்சிகளில் கேட்டுப் பழகிய சங்கதிதான். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்ட விதிப்படி அது சாகிறவர் தன் சாவின் காரணத்தையும் சூழலையும் பற்றிச் சொல்வதற்குத்தான் செல்லும், கிரிமினல் வழக்கு என்றால் அதுவும் கொலை வழக்கில் மட்டும்தான். ஃபிஸ்க் எஃப்.பி.ஐ.யை வாங்கியது, ஜெயிலிலிருந்து வெளிவந்தது எல்லாவற்றையும் அதை வைத்தே நிரூபிப்பது இழுத்துப் பிடித்த வேலை. ஆனால் வீடியோ நேரே செய்தியிலும் ஊர் முழுக்கவும் ஓடிவிடுவதால் கதைக்கு அது போதும், நானும் விட்டுவிட்டேன்.

பதிமூன்றாவது எபிசோடு ஃபிஸ்க்கின் கல்யாணம். டெக்ஸ் காதலித்த ஜூலியை ஃபிஸ்க்தான் ஆள் வைத்துக் கொன்று குளிர்பெட்டியில் வைத்திருக்கிறான் என்று மாட் கண்டுபிடித்து, அதை டெக்ஸின் காதில் போட்டுவிடுகிறான். அப்புறம் மும்முனைச் சண்டை. டெக்ஸுக்கு வனெஸாவைக் கொல்ல வேண்டும், ஃபிஸ்க்குக்கு இருவரையும் கொல்ல வேண்டும், மாட்டுக்கு ஃபிஸ்க்கைக் கொல்ல ஆசை, ஆனால் வனெஸாவைக் காப்பாற்றியாகவும் வேண்டும். யார் யாரை எதற்கு அடிக்கிறார்கள் என்பது ஒவ்வொரு பத்து விநாடிக்கும் மாறினாலும் குழப்பமே வராது. ஃபிஸ்க் டெக்ஸின் முதுகெலும்பை உடைத்துவிடுகிறான். மாட் ஃபிஸ்க்கை அடித்து நொறுக்கி, கடைசியில் கொல்லாமல் நிறுத்துகிறான். நிறுத்துவான் என்று நமக்கு முதல் எபிசோடிலேயே தெரியும், ஆனாலும் சார்லி காக்ஸ் அந்த இடத்தில் கத்துவதைப் பார்த்தால் முடிவு இப்போதுதான் எடுக்கப்படுகிறது என்று நம்பத் தோன்றும்.

அதற்குப் பிறகு வரும் ஒப்பந்தம்தான் எனக்கு அரைகுறையாகப் பட்டது. நீ என் ரகசியத்தைச் சொல்லாதே, என் நண்பர்களைத் தொடாதே, நான் வனெஸாவை மாட்டிவிட மாட்டேன் என்கிறான் மாட். நதீமைக் கொல்லச் சொன்னது வனெஸா. அவள் சுதந்திரமாக நடந்து போகிறாள். நதீமின் மனைவி சீமாவிடம் யாரும் இதற்குச் சம்மதமா என்று கேட்கவில்லை. நதீமின் தியாகத்தை இவ்வளவு உயர்த்திக் காட்டிய தொடர், அவன் கொலைக்கான கணக்கை மட்டும் பேரம் பேசி முடித்துவிடுகிறது. மாட்டுக்கு வேறு வழி இல்லை என்று வாதாடலாம். ஆனால் அவன் முகத்தில் ஒரு சங்கடமாவது காட்டியிருக்க வேண்டாமா?

கடைசியில் மூன்று நண்பர்களும் காகித நாப்கினில் புது ஆபீஸ் பெயரை எழுதும் காட்சி நிறைவாக இருக்கிறது. 2025 தொடர்ச்சியின் முதல் எபிசோடைப் பார்த்தவர்களுக்கு இதே காட்சி வேறு மாதிரி வலிக்கும், அதை இங்கே உடைக்க மாட்டேன். டெக்ஸின் ஆபரேஷன் காட்சி நாலாவது சீசனுக்குப் போட்ட தூண்டில், அந்த சீசன் வரவே இல்லை. நாப்கினோடு நிறுத்திக்கொண்டால் ஒன்றும் குறையாது.

பார்க்கிறவர்களுக்கு ஒன்று. பத்தையும் பதினொன்றையும் ஒரு ராத்திரி, பன்னிரண்டையும் பதிமூன்றையும் இன்னொரு ராத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலையும் ஒரே மூச்சில் பார்த்தால் நதீமுக்குத் துக்கம் அனுஷ்டிக்கவே நேரம் இருக்காது. அப்புறம் தயவுசெய்து போனில் வேண்டாம். தேவாலயத்து அடித்தளம் முழுக்க இருட்டில் எடுத்தது, பகல் வெளிச்சத்தில் சின்னத் திரையில் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும்.