உரக்கடையா, கால் சென்டரா, ஏஐயா: தென்னைக்கு நோய் வந்தால் யாரிடம் கேட்பது?

செயற்கை நுண்ணறிவால் (ஏஐ) விவசாயிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு நான் சுருள் வெள்ளை ஈயைத்தான் உதாரணமாகச் சொல்வேன். 2016இல் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில்தான் இந்தப் பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதற்கு முன்னால் இங்கே யாருக்கும் அதைத் தெரியாது. ஐம்பது வருஷம் தென்னை வைத்திருந்த பெரியவர்களிடம் கேட்டாலும் பதில் கிடைக்கவில்லை. இப்படிப் புதிதாக ஒன்று வந்து இறங்கும்போது, அதைப் பற்றிய சரியான தகவல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தோப்புக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது என்பது பெரிய விஷயம். இன்று அதற்குப் பல வழிகள் இருக்கின்றன. எது எதற்கு உதவும், எது எங்கே காலை வாரும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் பூச்சியைப் பார்த்துவிடுவோம். ஓலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் வெள்ளை மெழுகு வட்ட வட்டமாகச் சுருண்டு படிந்திருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். ஈக்கள் சாற்றை உறிஞ்சி இனிப்பான ஒரு திரவத்தைக் கழிக்கும். அது கீழ் ஓலைகள் மேல் சொட்டி, அதில் கரும்பூசணம் படர்ந்து, மட்டை முழுக்கக் கரி பூசியது போல் ஆகிவிடும். அதைப் பார்த்தவுடன் யாருக்கும் மருந்தடிக்கத்தான் தோன்றும். ஆனால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது நேர் எதிர். ரசாயனப் பூச்சிக்கொல்லியைத் தவிர்க்க வேண்டும். அடித்தால், வெள்ளை ஈயைக் கட்டுக்குள் வைக்கும் என்கார்சியா என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து செத்துப்போகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கலாம், மஞ்சள் நிற ஒட்டும் பொறி கட்டலாம். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசையைக் கரைத்துத் தெளிக்கலாம். அது காய்ந்து உதிரும்போது பூசணத்தையும் உரித்துக்கொண்டு வரும்.

ஆக, இங்கே சரியான பதில் ‘மருந்து வாங்காதீர்கள்’ என்பதுதான். இந்தப் பதில் யாரிடமிருந்து கிடைக்கும் என்பதை வைத்தே ஒவ்வொரு வழியையும் எடைபோடுகிறேன்.

உரக்கடைதான் பெரும்பாலானவர்களுக்கு முதல் வாசல். பக்கத்தில் இருக்கிறது, இருட்டும்வரை திறந்திருக்கிறது, கடனுக்கும் கொடுப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோப்பில் என்ன நோய் என்பது கடைக்காரருக்கு அத்துபடி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய பிழைப்பு பாட்டில் விற்பதில் இருக்கிறது. எதையும் வாங்காமல் போங்கள் என்று சொல்லும் இடத்தில் அவர் இல்லை. பழைய பாக்கி வைத்திருக்கும் விவசாயியும் அவர் எடுத்துக் கொடுப்பதை மறுக்கும் இடத்தில் இல்லை.

மத்திய அரசின் கிசான் கால் சென்டர் 2004 ஜனவரியில் தொடங்கியது. 1800-180-1551 என்ற எண்ணுக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள். பட்டன் போன் போதும், இணையம் வேண்டாம். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கு இன்றைக்கும் நான் இந்த எண்ணைத்தான் கொடுப்பேன். ஒரே குறை, மறுமுனையில் இருப்பவர் ஓலையைப் பார்க்க முடியாது. ‘ஓலை கருப்பா இருக்குதுங்க’ என்று மட்டும் சொன்னால், கேட்பவர் எத்தனை நோயைத்தான் நினைப்பார்? அடையாளம் சொல்லத் தெரிந்தவருக்கு நல்ல பதில் கிடைக்கிறது. தெரியாதவருக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கிறது.

வேளாண் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பயிர் பயிராக, பூச்சி பூச்சியாகத் தமிழிலேயே தகவல் குவிந்து கிடக்கிறது. மாநில அரசின் உழவன் செயலியும் 2018 முதல் இருக்கிறது. நம்பகத்தன்மையில் இவற்றுக்குத்தான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேரப் பூச்சியின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். தோப்பில் நிற்பவரிடம் இருப்பது ஒரு கருத்த ஓலையும் கவலையும்தான். பெயர் அவரிடம் இல்லை. தேடிக் கண்டுபிடித்தாலும், ‘பொருளாதார சேத நிலை’, ‘ஒருங்கிணைந்த மேலாண்மை’ என்று படித்தவர்களுக்காகப் படித்தவர்கள் எழுதிய நடை. சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்திடம் திருப்பிக் கேட்க முடியாது.

கேட்டால் பதில் சொல்லும் ஏஐ சாட்பாட்கள் உள்ளே வருவது சரியாக இந்த இடத்தில்தான். ஓலையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, வாயால் பேசியே கேட்கலாம். கொங்குத் தமிழில் கேட்டாலும் ஓரளவு புரிந்துகொள்கிறது. பெயர் தெரியாத பொருளுக்குப் பெயர் கிடைக்கிறது. அதைவிடப் பெரிது, அடுத்த கேள்வியைக் கேட்க முடிவது. மருந்து ஏன் அடிக்கக் கூடாது? பக்கத்துத் தோப்பில் அடித்தால் என் தோப்பில் இருக்கும் குளவிக்கு என்ன ஆகும்? மைதாவைக் காய்ச்ச வேண்டுமா, அப்படியே கரைக்கலாமா? வெள்ளை ஈயின் இளம் பருவங்களில் சில கருப்பாகத் தெரிகின்றனவே, அது நோயா? கடைசிக் கேள்வி முக்கியமானது. குளவி முட்டையிட்ட பருவங்கள் அப்படிக் கருத்துப்போகும். அதாவது, அந்தக் கருப்பு நல்ல சேதி. இதைத் தெரிந்துகொண்ட விவசாயி ஸ்பிரேயரைக் கீழே வைப்பார். கால் சென்டரில் இத்தனை கேள்வி கேட்கக் கூச்சப்படுபவர் இதனிடம் இரவு பத்து மணிக்கு மேலும் கேட்கலாம். நான்கு ஆண்கள் நிற்கும் உரக்கடை வாசலில் நின்று விசாரிக்கத் தயங்கும் பெண்கள் எத்தனையோ பேர் தோப்பை முழுக்கத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் கைக்கு இந்த வசதி வந்திருப்பதை நான் மனசாரக் கொண்டாடுகிறேன்.

இன்னொரு லாபமும் உண்டு. தென்னை பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் வெளிவருகிறது. காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் ஒரு ஆங்கிலக் கட்டுரையைக் கொடுத்து, ‘இதில் என் தோப்புக்கு ஆகிற விஷயத்தை மட்டும் எளிய தமிழில் சொல்’ என்றால் சொல்கிறது. வேளாண் பட்டதாரிகள் மட்டுமே படித்துக்கொண்டிருந்த பக்கங்கள் இவை.

அப்புறம், மத்திய அரசே 2023இல் கொண்டுவந்த கிசான் இ-மித்ரா என்ற ஏஐ உதவியாளரையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிஎம் கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய் ஏன் வரவில்லை, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பது போன்ற கேள்விகளுக்காக வந்தது அது. தமிழிலும் பேசும். பூச்சிக்கு அதனிடம் போகத் தேவையில்லை.

யூடியூப்பை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கைவேலை கற்க அதற்கு இணை இல்லை, நோயைக் கண்டுபிடிக்க அதை நம்பாதீர்கள். வேர் வழியாக மருந்து கட்டும்போது வேரை எப்படிச் சாய்வாக வெட்டுவது, பாலிதீன் பையை எப்படிக் கட்டுவது என்பதை எந்த ஏஐ எழுதினாலும் வீடியோவில் பார்ப்பதுபோல் வராது.

ஏஐ சறுக்கும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் இப்போது பெரிய தலைவலி கேரள வாடல் நோய். தஞ்சாவூர் வாடல் நோய் என்று இன்னொன்று உண்டு. இரண்டும் பெயரில்தான் சொந்தம். கேரள வாடல் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருவது. இலைகள் உள்பக்கமாக வளைந்து விலா எலும்பு மாதிரி ஆகும். குணப்படுத்த மருந்து கிடையாது. நோய் முற்றிய மரத்தை வெட்டி அகற்றி, மற்றவற்றுக்கு உரமும் பராமரிப்பும் கொடுத்துத் தேற்றத்தான் முடியும். தஞ்சாவூர் வாடல் கேனோடெர்மா என்ற பூஞ்சையால் வருவது. அடிமரத்தில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடியும். இதற்கு மரத்துக்கு 40 லிட்டர் வீதம் ஒரு சதவீத போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது) வேர்ப்பகுதியில் ஊற்றச் சொல்கிறது பல்கலைக்கழகம். ‘தென்னை வாடலுக்கு என்ன மருந்து?’ என்று மொட்டையாகக் கேட்டால், ஏஐ இரண்டையும் கலந்து ஒரே பதிலாக, துளித் தயக்கம் இல்லாமல் கொடுத்துவிடக்கூடும். ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்கு ஊற்றினால் செலவு வீண், காலமும் போய்விடும்.

மருந்தின் அளவு விஷயத்திலும் இதே எச்சரிக்கைதான். ஏஐ படித்து வளர்ந்ததில் பழைய எழுத்துகளும் சேர்ந்திருக்கின்றன. 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த எண்டோசல்ஃபான், அதற்கு முந்தைய கையேடுகளில் சாதாரணமாகப் பரிந்துரைக்கப்பட்ட மருந்து. அதனால் எத்தனை மில்லி, எத்தனை நாள் இடைவெளி என்பதை மட்டும் நான் ஏஐ சொல்லி எடுத்துக்கொள்ள மாட்டேன். பாட்டிலின் லேபிள், வேளாண்மை உதவி அலுவலர், இல்லையென்றால் வேளாண் அறிவியல் நிலையம், இந்த மூன்றில் ஒன்று அதைச் சொல்ல வேண்டும். என்கார்சியா இப்போது கிடைக்குமா, எங்கே வாங்குவது என்பதற்கும் ஆழியார் நகரில் இருக்கும் தென்னை ஆராய்ச்சி நிலையத்தைப் போனில் கேட்பதுதான் வழி.

ஏஐதான் சிறந்ததா என்று கேட்டால், முதல் கேள்வியைக் கேட்க அதைவிட நல்ல இடம் இன்று இல்லை என்பேன். அது கொடுத்த பெயரை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்தால், அதுவரை மூடிக் கிடந்த அந்தப் பக்கமும் பயன்படத் தொடங்கும். கால் சென்டரில் பேசினாலும் இப்போது அடையாளம் சொல்லத் தெரியும். உரக்கடைக்குப் போவது கடைசியில்தான், அதுவும் வாங்க வேண்டியதை எழுதிய சீட்டோடு.

கேட்கும்போது படம் ஒன்றை மட்டும் அனுப்பாதீர்கள். முழு மரம் ஒன்று, ஓலையின் அடிப்பக்கம் வெயில் வெளிச்சத்தில் கிட்டத்தில் ஒன்று, தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை அடிமரம் ஒன்று எடுங்கள். மரத்தின் வயது, கடைசியாக உரம் வைத்த மாதம், பக்கத்து மரங்களிலும் இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உச்சியை மட்டும் படம் எடுத்து அனுப்பினால், அடிமரத்தில் சாறு வடிவது ஏஐ கண்ணில் படாது, தஞ்சாவூர் வாடலை அதனால் பிடிக்கவும் முடியாது.