பெரியம்மாவின் இரண்டு போத்தல்கள்: வன்னியில் ஒரு கண் கிளினிக் அனுபவம்

முள்ளியவளையில் இருக்கிற என் பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் குளோக்கோமா. கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கிற வருத்தம் அது. சில வருடமாக அரச மருத்துவமனையில் காட்டிச் சொட்டு மருந்து போட்டு வருகிறார். இம்முறை ஊரில் நின்றபோது அவரோடு கிளினிக்குக்குப் போனேன், மருந்துக் கடைகளில் ஏறி இறங்கினேன், வீட்டில் மருந்து போடும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். வயதான தாய் தகப்பனை வன்னியில் விட்டுவிட்டு வெளியே இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கிளினிக் நாளில் விடியக்காலை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே வாங்குகள் நிரம்பியிருந்தன. மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கத்துச் சனம் எல்லாம் அங்கே இருந்தார்கள். துண்டு எடுத்து, கொப்பியைக் கொடுத்து, எழுத்துப் பலகை வாசித்து, பிறகு அழுத்தம் அளக்கக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பு நீளம்தான். ஆனால் மின்விசிறி ஓடியது, குடிக்கத் தண்ணீர் இருந்தது, வயதானவர்களைத் தாதி 'வாங்கோ அம்மா' என்று கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போனார். ஒரு சதம் செலவில்லை. போர் முடிந்த காலத்தில் இந்தப் பகுதி இருந்த இருப்பை நினைத்தால், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஒன்றைக் கவனியுங்கள்: கண்மணியை விரிக்க மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கலாக இருக்கும். தனியாகப் போனவர்கள் திரும்பிப் போகிற பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்க முடியாமல் நிற்பதைக் கண்டேன். யாராவது ஒருவர் கூடப் போகவேண்டும்.

பெரியம்மாவின் அழுத்தம் வலது கண்ணில் 26, இடது கண்ணில் 28 என்று கொப்பியில் எழுதினார்கள். பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பு என்று கொள்வார்கள். போன வருடப் பக்கத்தில் 17 என்று இருந்தது. மருத்துவர் சிங்களவர், ஓரளவு தமிழ் பேசுவார், மிகுதியைத் தாதி சொல்லிக்கொடுத்தார். "அம்மா, மருந்து ஒழுங்காகப் போடுறீங்களா?" என்று கேட்டார். "ஓம் டொக்டர், ரெண்டு போத்தலும் போடுறன்" என்றார் பெரியம்மா. அவருடைய கொப்பியில் இருந்தது ஒரே ஒரு மருந்து. மருத்துவர் பேனையை வைத்துவிட்டு, போத்தல்களைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். நல்ல காலம், தம்பியின் (பெரியம்மாவின் மகன்) மனைவி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தந்திருந்தார்.

ஒன்று கிளினிக்கில் கொடுத்த லட்டனோபுரோஸ்ட். மற்றது பாரிசில் இருக்கிற அண்ணா ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய ஸலட்டான். பெட்டி வேறு, நிறம் வேறு, பெயர் வேறு. உள்ளே இருப்பது இரண்டிலும் ஒரே லட்டனோபுரோஸ்ட். பெரியம்மா 'வெளிநாட்டு மருந்தை' காலையிலும் 'ஆஸ்பத்திரி மருந்தை' இரவிலும் போட்டு வந்திருக்கிறார். இந்த மருந்து நாளுக்கு ஒரு முறைக்குத்தான், பெரும்பாலும் இரவில். அதற்கு மேல் போட்டால் அழுத்தம் இன்னும் இறங்காது, இறக்குகிற சக்தி குறையக்கூடச் செய்யும். மருத்துவர் இதைச் சொன்னபோது பெரியம்மா நம்பமுடியாமல் என் முகத்தைப் பார்த்தார். அதோடு ஸலட்டான் போத்தலைத் திறந்து மூன்று மாதத்துக்கு மேல். அது இருந்த இடம் தகரக் கூரைக்குக் கீழே சாமித்தட்டில், விளக்குக்குப் பக்கத்தில். வெயிலும் வெளிச்சமும் இந்த மருந்துக்கு ஆகாது.

போத்தல்களைப் பார்த்திராவிட்டால் அன்றைக்கு இன்னொரு மருந்தைக் கூட்டி எழுதியிருப்பேன் என்று அந்த மருத்துவரே சொன்னார். இருக்கிற மருந்தைச் சரியாகப் போட்டு, சில கிழமை கழித்து வரச்சொன்னார். கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியை மட்டுமல்ல, வீட்டில் இருக்கிற எல்லாப் போத்தல்களையும், குளிசைகளையும் கொண்டுபோக வேண்டும். ஊரில் இருக்கிறவர்களுக்குத் தொலைபேசியில் இதை ஒவ்வொரு முறையும் நினைவூட்டுங்கள்.

எனக்குக் குறையாகப் பட்ட இடம் மருந்து கொடுக்கும் யன்னல். வரிசை நீளம், உள்ளே ஆள் குறைவு. பெட்டியில் பேனையால் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் எழுதித் தள்ளிவிடுகிறார்கள். எந்தக் கண்ணுக்கு, எந்த நேரம், திறந்தால் எத்தனை நாள் என்று தமிழில் ஒரு வரி இல்லை. வேலை செய்கிறவர்களில் கோபப்பட எனக்கு மனமில்லை, அவர்கள் தலைநிமிர நேரமில்லாமல் கொடுக்கிறார்கள். ஆனால் கண்பார்வை குறைந்தவர்கள் வருகிற யன்னலில் பெரிய எழுத்தில் அச்சடித்த தமிழ்த் துண்டு ஒன்று கொடுப்பது பெரிய செலவில்லை. நாங்கள் வீட்டில் தடித்த கறுப்பு மையால் 'இரவு, இரண்டு கண்ணும், ஒவ்வொரு சொட்டு' என்று எழுதி, திறந்த திகதியையும் போட்டுப் பெட்டியில் ஒட்டினோம்.

இந்த வருத்தத்தைப் பெரியம்மாவுக்கு விளங்கவைத்தது அந்தத் தாதிதான். கண்ணீர் வேறு, கண்ணுக்குள் ஊறி வடிகிற நீர் வேறு. குளத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருக்க, துருசு அடைபட்டால் கட்டு என்ன பாடுபடும் என்று கேட்டார். வயல் செய்த குடும்பம், பெரியம்மாவுக்கு உடனே பிடிபட்டது. லட்டனோபுரோஸ்ட் வடிகிற வழியைக் கூட்டுகிறது. டிமோலோல் போன்ற மருந்து ஊறுகிற நீரைக் குறைக்கிறது. நரம்பில் போன பார்வை திரும்பி வராது, இருக்கிறதைக் காக்கத்தான் மருந்து. நோவு இல்லை, சிவப்பு இல்லை, அதனால் 'இப்ப சுகம்தானே' என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுக்கிறேன், அது கண்ணுக்கும் போதும் என்று நினைத்திருந்த ஒருவரும் வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தார். அது வேறு, இது வேறு.

சரி, வீட்டில் மருந்து போட்ட விதத்துக்கு வருகிறேன். முதல் இரவு பெரியம்மா கதிரையில் இருந்து, அண்ணாந்து, நடுங்குகிற கையால் போத்தலை அமத்தினார். ஒரு சொட்டு புருவத்தில் விழுந்தது, அடுத்தது கன்னத்தில் ஓடியது, மூன்றாவது கண்ணுக்குள் போயிருக்கலாம். போத்தலின் நுனி இமை மயிரில் முட்டியது. பிறகு கண்ணைப் படபடவென்று கொட்டி, முந்தானையால் துடைத்துவிட்டார்.

இப்போது பேத்தி போட்டுவிடுகிறாள், பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறாள். பெரியம்மாவைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, கீழ் இமையை விரலால் மெதுவாக இழுக்க, அங்கே ஒரு சின்னப் பை மாதிரி வரும். 'மேலே முகட்டைப் பாருங்கோ அம்மம்மா' என்று சொல்லி, போத்தல் எங்கேயும் முட்டாமல் அந்தப் பைக்குள் ஒரே ஒரு சொட்டு. கண் அதற்கு மேல் தாங்காது, இரண்டாவது சொட்டு வெளியேதான் வழியும். பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரம் கண்ணின் உள்மூலையை விரல்நுனியால் இரண்டு நிமிடம் அமத்திப் பிடிக்கவேண்டும். அங்கேதான் கண்ணீர் மூக்குக்கு வடிகிற துவாரம். அமத்தாவிட்டால் மருந்து மூக்குவழி இறங்கி இரத்தத்தில் கலக்கும். தொண்டையில் கசக்குது என்று பெரியம்மா முன்பு சொன்னதன் காரணம் இதுதான். வழிந்ததைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால் முடிந்தது. குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்த போத்தல் என்றால் சொட்டு கண்ணில் விழுந்த குளிர் தெரியும், விழுந்ததா இல்லையா என்ற சந்தேகம் இல்லை.

வேறு சொட்டு மருந்தும் இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடவேண்டும், இல்லையென்றால் பிந்தியது முந்தியதைக் கழுவிவிடும். களிம்பு இருந்தால் அது கடைசி. ஒரு இரவு மறந்துபோனால் அடுத்த இரவு வழமைபோல ஒரு சொட்டு, இரட்டிப்பாக வேண்டாம். லட்டனோபுரோஸ்ட் போடுகிறவர்களுக்குக் கண் கொஞ்சம் சிவக்கலாம், இமை மயிர் நீளலாம், கண்ணின் நிறம் மெல்லக் கருக்கலாம். அதைக் கண்டு பயந்து தாமாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லவேண்டும்.

டிமோலோல் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பக்கத்து வளவில் ஒரு ஐயா, முட்டு வருத்தக்காரர், பம்ப் அடிக்கிறவர். அவருக்கும் கண் அழுத்தம். தன் சொந்தக்காரரின் டிமோலோல் போத்தலை வாங்கிப் போட்டுப் பார்ப்போமா என்று பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறார். அது கண்ணில் விடுகிற மருந்துதான், ஆனாலும் மூச்சுக்குழாயை இறுக்கும், இதயத் துடிப்பையும் மெதுவாக்கும். ஆஸ்துமா, முட்டு, இதயத் துடிப்புக் குறைந்தவர்களுக்கு அது ஆபத்து. நீரிழிவுக்காரரிடம் சீனி இறங்குகிற அறிகுறிகளை மறைத்தும் விடும். இதைத் தம்பி போய் அவரிடம் விளக்கிச் சொல்லி, தன் வருத்தங்களையும் மருந்துகளையும் மருத்துவரிடம் முழுதாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டான். கண் மருந்துதானே என்று ஒருவருடையதை இன்னொருவர் போடுவது வன்னியில் சாதாரணமாக நடக்கிறது. நந்தியாவட்டைப் பூச்சாறு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கடையில் கேட்டு வாங்குகிற 'சிவப்புக்கு நல்ல மருந்து' சிலவற்றில் ஸ்டெரொயிட் இருக்கும், அது சிலருக்குக் கண் அழுத்தத்தையே ஏற்றிவிடும்.

கிளினிக்கில் மருந்து தீர்ந்திருந்தால் வெளியே வாங்கவேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கு அலைந்த கதைகளைத் தம்பி நிறையச் சொன்னான். நாங்கள் போன முதல் கடையில் லட்டனோபுரோஸ்ட் பெட்டி கண்ணாடி அலுமாரியில், மத்தியான வெயில் விழுகிற பக்கத்தில் இருந்தது. பெட்டியிலோ திறக்காத போத்தலை 2 முதல் 8 பாகைக்குள் வைக்கவும் என்று அச்சிட்டிருந்தது. வாங்காமல் வந்துவிட்டோம். அடுத்த கடைக்காரர் குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்து, முடிவுத் திகதியைக் காட்டி, ஐஸ் பை வைத்துக் கட்டித் தந்தார். விலை கொஞ்சம் கூடத்தான், எனக்கு அது நியாயமாகப் பட்டது. திறந்த பிறகு 25 பாகைக்குக் கீழே வைத்தால் போதும் என்கிறார்கள், ஆனால் முள்ளியவளையின் பகல் வெயிலுக்கு எந்த அறை 25 பாகையில் இருக்கும்? ஆகவே தொடர்ந்தும் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில்தான், உறையும் பகுதிக்குள் அல்ல. திறந்து நாலு கிழமையானால் மிச்சம் இருந்தாலும் எறிந்துவிட்டுப் புதியது எடுக்கவேண்டும். 2.5 மில்லிலீற்றர் போத்தலில் ஏறக்குறைய 80 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் இரவில் ஒவ்வொன்று என்றால் ஒரு மாதத்துக்குத் தாராளம். இரண்டு கிழமையில் முடிந்தால் வீணாகிறது, மூன்று மாதம் போனால் போடுவதேயில்லை. தூரத்தில் இருந்து விசாரிக்கிற நமக்கு இந்தக் கணக்கு உதவும்.

வெளிநாட்டில் இருந்து மருந்து அனுப்புகிறவர்கள், தயவுசெய்து முதலில் கிளினிக் கொப்பியையும் போத்தலையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கிற மருந்தின் பெயரைப் பாருங்கள், பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கம்பனி வைத்த பெயர். அண்ணா பாசத்தில்தான் அனுப்பினார். இப்போது ஊரில் தட்டுப்பாடு என்று தம்பி சொன்னால் மட்டும், அதே மருந்தை, மருத்துவரிடம் கேட்டு அனுப்புகிறார்.

திடீரென்று கண் கடுமையாக நொந்து சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, சத்தியும் வந்தால் அது கிளினிக் நாள்வரை பொறுக்கிற விஷயமில்லை. அழுத்தம் ஒரேயடியாக ஏறியிருக்கலாம், மணித்தியாலக் கணக்கில் பார்வை போய்விடக்கூடும். 1990 இலக்கத்துக்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பெரியம்மாவின் வீட்டுக் கதவில் அந்த இலக்கத்தை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

குளோக்கோமா குடும்பத்தில் ஓடுகிற வருத்தம். கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் குறை ஒன்றும் தெரியாவிட்டாலும் கண் அழுத்தமும் நரம்பும் பார்க்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னார். தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது, மிளகாய்த் தோட்டத்தை விட்டுவர நேரமில்லை என்று இழுத்துக்கொண்டிருந்தான். பெரியம்மாவின் அடுத்த முறைக்கு அவனும் போனான். பெரியம்மாவுக்கு இப்போது 18, 19. தம்பிக்கு அழுத்தம் இயல்பு, நரம்பில் ஒரு பக்கம் சந்தேகம் என்று ஆறு மாதத்தில் மறுபடி வரச்சொல்லியிருக்கிறார்கள். என் அம்மாவுக்கும் எனக்கும் இங்கே திகதி எடுத்துவிட்டேன்.