"காலத்துக்கும் அன்லிமிட்டட் ட்ரைவ்" எண்டு விக்கிறவையிட்டக் கவனம்

யாழ்ப்பாணத்தில கலியாணம், சாமத்தியவீடு எடுக்கிற ஸ்ரூடியோக்காரர் இதைக் கட்டாயம் வாசியுங்கோ.

2022 தொடக்கத்தில 200 ரூபா வரையில நிண்ட டொலர் மே மாதம் 360ஐத் தொட்டதோட, படம், வீடியோக்களை இணையத்தில சேமிச்சு வைக்க மாதாமாதம் கார்ட்டில கழிபடுற ஸ்ரோறேஜ் காசு எங்களுக்குக் கட்டுப்படியாகேல்லை. கனபேர் வேற ஸ்ரோறேஜுக்கு மாறினது அதாலதான். கூகுளின்ர இலவச 15 ஜிபி ஒரு கலியாண வீடியோவுக்கே காணாது. கனடாவில இருக்கிற சனத்துக்கு லிங்கும் அனுப்பவேணும். இந்த நேரம் பாத்துப் பேஸ்புக்கில ஒருத்தர் வந்தார்: ஒருக்காக் காசு கட்டினால் காணும், கூகுள் ட்ரைவ், அளவே இல்லை.

தந்தது ஏதோ வெளிநாட்டுக் கல்லூரியின்ர மின்னஞ்சல் கணக்கு. கல்லூரிகளுக்கு இருந்த அளவில்லாச் சலுகையை நிப்பாட்டப்போறம் எண்டு கூகுள் 2021 பெப்ரவரியிலேயே அறிவிச்சிட்டுது. 2022 ஜூலையில இருந்து ஒரு நிறுவனம் முழுக்கச் சேத்து 100 டெராபைட்தான் (ஒரு டெராபைட் எண்டால் 1000 ஜிபி) அடிப்படை. இடம் காணாத கல்லூரி துப்புரவாக்கத் தொடங்கினால் அங்க படிக்காத ஆக்களின்ர கணக்குத்தானே முதலில போகும்? இது தெரிஞ்சுகொண்டுதான் வித்தவர்.

ஒருநாள் காலமை திறக்க, "உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளுங்கள்" எண்டு வந்துது. எங்கட நிர்வாகி ஆர்? முன்னப்பின்ன தெரியாத ஒரு கல்லூரிக்காரன்! கணக்கு கல்லூரிக்குச் சொந்தம் எண்டபடியால் கூகுளிட்ட முறையிட்டும் பிரயோசனமில்லை. வித்தவரைக் கேட்டால், "அண்ணை, இன்னும் கொஞ்சம் போடுங்கோ, புதுசு எடுத்துத் தாறன்." இறுக்கிக் கேட்டோண்ணை வாட்ஸ்அப்பில புளொக். ஒரு பிள்ளையின்ர சாமத்தியவீட்டுப் படம் முழுக்கப் போச்சு. தாய்க்கு என்னத்தைச் சொல்லுறது?

ஒழுங்கான ஸ்ரோறேஜ் சேவை மூடினாலும் சொல்லிப்போட்டுத்தான் மூடும். அமேசான் கொம்பனி தன்ர ஸ்ரோறேஜான அமேசான் ட்ரைவை மூடப்போறது 2022 ஜூலையிலேயே தெரியும், 2023 டிசம்பர் 31 வரைக்கும் அவகாசம் இருந்தது. அந்த அவகாசம் சும்மா இல்லை. 20 எம்பிபிஎஸ் வேக இணைய லைனில ஒரு டெராபைட்டை இறக்க, கறண்ட் போகாமல் ஓடினாலும் நாலரை நாள் எடுக்கும்.

விக்கிறவர் தாற மின்னஞ்சல் முகவரி பள்ளிக்கூடம், கல்லூரிப் பேரில முடிஞ்சால் ஒரு ரூபாவும் குடுக்காதேங்கோ. பற்றுச்சீட்டுத் தராமல் தனியாளின்ர வங்கிக் கணக்குக்குப் போடச் சொன்னாலும் அதேதான். மாறுறதெண்டால் உங்கட சொந்தப் பேரில மாறுங்கோ, வெளியிலயொரு ஹார்ட் டிஸ்கில பிரதி இருக்கட்டும். ஏற்கெனவே வாங்கின ஆக்கள் கணக்குத் திறபடேக்கையே எல்லாத்தையும் இறக்குங்கோ.

அதே விளம்பரம் இப்பவும் வேற பேரில ஓடுது. விலையை இன்னும் குறைச்சுப் போட்டிருக்கினம்.